பாசி பூசிய கயிறு

அந்தக் கயிறு அறுந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நல்ல கயிறு என்று சொன்னேன். அப்படிச் சொல்வதற்குக் கூலியும் வாங்கினேன். அறுந்த கயிறு கருப்பையாவின் முகத்தில் பாதியைக் கொண்டுபோயிற்று.

இதைவிடக் கேடானதையும் செய்திருக்கிறேன். அதையும் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்... பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

முதலில் நான் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கடலாடிப் பக்கத்தில் மழை ஏமாற்றிய ஓர் ஊரிலிருந்து மாற்றுத் துணிகூட இல்லாமல் மண்டபத்துக்கு வந்தேன். ஐஸ் உடைத்தேன். மீன் பெட்டி சுமந்தேன். விசைப்படகில் கயிறு இழுக்கிற வின்ச் ஓட்டினேன். நீச்சல் தெரியாத கரைக்காரன் என்று என்னைப் பார்த்துச் சிரித்தவர்களின் படகையே பிற்பாடு விலைக்கு வாங்கினேன்! உச்சிப்புளியில் சாலையோரம் நிற்கும் என் மாடி வீட்டைப் பேருந்தில் போகிறவர்கள் பிள்ளைகளுக்குக் கைகாட்டுவார்கள். எவன் தோளிலும் ஏறி நின்று நான் உயரவில்லை. அதை இந்த நிலையிலும் தலைநிமிர்ந்தே சொல்வேன்.

என்னைச் சம்மட்டி மாமா என்றால்தான் தெரியும். என் வீடியோக்களை நீங்களே பார்த்திருக்கலாம். கடலுக்கும் வீட்டுக்கும் விற்கிற பொருள்களை வாங்கிவந்து, அவை தாங்குமா தாங்காதா என்று சம்மட்டியால் அடித்துக் காட்டுவதுதான் என் வேலை.

அது ஒரு கோபத்தில் தொடங்கிற்று. புதிதாக வாங்கிய டார்ச் விளக்கு ஒன்று நடுக்கடலில் என் ஆட்களை இருட்டில் விட்டுவிட்டது. அதைக் கரையில் கான்கிரீட் மேல் வைத்து, செய்தவனையும் விற்றவனையும் பச்சையாகத் திட்டிக்கொண்டே நொறுக்கினேன். படகில் வேலை செய்தவன் ஒருவன் அதைப் போனில் எடுத்துப் போட்டுவிட்டான். ஊரெல்லாம் பார்த்தது! வளைகுடாவில் வேலை செய்கிற நம் பையன்களெல்லாம் பார்த்தார்கள். இன்னும் அடிங்க மாமா என்றார்கள். அடித்தேன். ஐஸ் பெட்டி, ஹெல்மெட், பம்புசெட்டு, தண்ணீர்த் தொட்டி... எனக்குச் சம்மட்டியைத் தூக்கும்போது வரும் சுகம் சாப்பாட்டிலும் கிடைத்ததில்லை. மறைப்பானேன்? உடைப்பதுதான் எனக்குப் பிடித்திருந்தது. நேர்மை என்பது அதற்குக் கிடைத்த நல்ல பெயர்.

ஆனால் என்னிடம் ஒரு சட்டம் இருந்தது. மற்ற ரிவியூக்காரர்கள் பெட்டியைப் பிரிப்பார்கள், தடவுவார்கள், மோந்து பார்ப்பார்கள், சூப்பர் என்பார்கள். நான் வந்த பொருளை வந்தவுடன் தொடமாட்டேன். முதலில் ஊறல். கரையில் முளை அடித்து, பொருளைக் கட்டிவிடுவேன். கடல் ஏறும்போது உப்புத் தண்ணீரில் கிடக்கும். வற்றும்போது சுடுமணலில் வேகும். ஒரு மாதம் அப்படிக் கிடந்த பிறகுதான் சம்மட்டி. உப்பும் வெயிலும் தின்றதுபோக மிச்சம் என்ன இருக்கிறதோ அதுதான் இந்தக் கரையில் பொருள். மண்டபத்திலிருந்து ராமேஸ்வரம் வரை இதை அறியாத படகுக்காரன் இல்லை. “மாமா ஊறப்போட்டாரா?” என்று கேட்டுத்தான் வாங்குவார்கள்.

காசு வாங்கியதுண்டா என்கிறீர்களா? வாங்கினேன். கம்பெனிக்காரர்கள் பொருளோடு காசையும் வைத்துவிட்டுப் போவார்கள். வாங்கிக்கொண்டு, அதே பொருளை உடைத்தும் காட்டியிருக்கிறேன்! வாங்குகிற கை வேறு, அடிக்கிற கை வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பார்க்கிறவர்களிடம் மட்டும் அதைச் சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை? இரண்டு கையும் ஒரே உடம்பில் இருப்பது எனக்குத் தெரிந்துதானே இருந்தது...

தடைக்காலத்தில் வந்தான் அந்தக் கயிற்றுக் கம்பெனிக்காரன். விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாத அந்த மாதங்களில்தான் எங்கள் பக்கம் படகுக்குப் பெயிண்ட் அடிப்பது, வலை மாற்றுவது, கயிறு மாற்றுவது எல்லாம் நடக்கும். அந்த நேரத்தில் ஒரு கயிறு பெயர் வாங்கிவிட்டால் கரை முழுக்க அதுதான். அவன் கொண்டுவந்தது பச்சையில் மஞ்சள் புரி ஓடிய இழுவைக் கயிறு. மடியை, அதாவது கடலடியில் மீன் அள்ளுகிற வலையை, வின்ச் வைத்து இழுக்கிற கயிறு. மற்றவற்றைவிட மலிவு.

வந்தவன் மெலிந்த ஆள். சட்டையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. நடுநிலை என்ற சொல்லை எனக்குக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். “ஐயா, உங்க பாராட்டை நாங்க வாங்க வரலை. உங்க நடுநிலையை வாங்க வந்திருக்கோம். அதுக்குத்தான் விலை ஜாஸ்தி” என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். சரியாகத்தான் சொன்னான். எல்லாவற்றையும் புகழ்கிறவனுடைய புகழ்ச்சிக்கு எவன் காசு கொடுப்பான்?

அவன் வைத்த விலை இதுதான்: கடற்கரை முழுவதற்கும் ஏஜென்சி எனக்கு. படகுத்துறை வாசலில் என் படம் போட்ட பலகை. ஒவ்வொரு கயிற்றுச் சுருளிலும் சம்மட்டியோடு என் முகம்.

கயிற்றை முளையில் கட்டினேன். மாதம் முடிந்து அவிழ்த்தபோது கையில் வெள்ளையாக மாவு உதிர்ந்தது. வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில், கான்கிரீட்டில் பதித்த வின்ச் ஒன்று வைத்திருக்கிறேன். அதில் மாட்டி முதல் இழுப்பு இழுத்தேன். பட்டென்று போயிற்று. அறுந்த நுனி திரும்பிவந்து தூணில் அடித்த அடியில் காரை பெயர்ந்தது.

அவனைப் போனில் கூப்பிட்டுக் கிழித்தேன். அவன் அம்மாவிலிருந்து ஆரம்பித்துத் திட்டி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்... புதுச் சுருள் ஒன்று நாளைக்கு வரும் ஐயா, அதை வைத்து எடுங்கள், பலகைக்கு உங்கள் படம் அச்சுக்குப் போய்விட்டது.

பலகை!

சிறுவயதில் இதே படகுத்துறை வாசலில், ஐஸ் பெட்டியைக் கீழே போட்டதற்காக ஒரு முதலாளி என்னைக் கயிற்று நுனியால் விளாசினார். முதுகில் தழும்பு இன்னும் இருக்கிறது. அதே வாசலில் என் முகம் நிற்கும். உள்ளே போகிற ஒவ்வொருவனும் என் காலுக்கடியில்தான் நடக்க வேண்டும். காசுக்காக விற்றேன் என்று சொல்லிவிட்டால் எவ்வளவு எளிது! காசு என்னிடம் இருந்தது. நான் அந்தப் பலகைக்காக விற்றேன்.

புதுச் சுருள் வந்தது. ஆனால் என் வீடியோ பார்க்கிறவர்களுக்கு ஊறிய கயிறு எப்படி இருக்கும் என்று தெரியுமே. வழுவழுப்பாக, பாசி படர்ந்து, சேறு ஏறி இருக்க வேண்டும். ராக்கம்மாளைக் கூப்பிட்டுவிட்டேன். கடலில் மூழ்கிப் பாசி எடுத்து விற்கிற பெண். அவள் புருஷன் கருப்பையா, சகுபருடைய விசைப்படகில் வேலை. ஒரு கூடைப் பாசியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, நான் அதைப் புதுக் கயிற்றில் வைத்துத் தேய்ப்பதை இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“என்ன மாமா, கயித்துக்கு நலுங்கா? எப்பக் கல்யாணம்?” என்றாள்.

சிரித்தேன். அவளும் சிரித்தாள். கூடைக்கு மேலாகவே கொடுத்து அனுப்பினேன். சேற்றைக் குழைத்துப் பூசினேன். சிப்பித் தூளை இடுக்கில் அப்பினேன். ஒப்பனை முடிந்ததும் கேமராவை வைத்தேன்.

அன்றைக்கு நான் அடித்த அடி இருக்கிறதே! லாரி டயரில் கான்கிரீட் கொட்டி, அதைக் கயிற்றில் கட்டி இழுத்தேன். கல்லின் மேல் வைத்துச் சம்மட்டியால் துவைத்தேன். நானே தொங்கினேன். உச்சிப்புளிக் கடற்படைத் தளத்து ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போன சத்தத்தையும் மீறிக் கத்தினேன். கயிறு தாங்கியது. தாங்காமல் என்ன செய்யும்? அது நேற்றுப் பிறந்த கயிறு.

சுருள்கள் பறந்தன. சகுபரும் வாங்கினான்.

ராக்கம்மாளுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்திருக்கிறது. தன் புருஷன் நிற்கப்போகிற படகில் அதே கயிற்றைக் கண்டதும் படகுத்துறையில் சொல்லிவிட்டாள். அந்தக் கயிறு ஊறவே இல்லை, என் பாசியைத்தான் மாமா பூசினார் என்று. சகுபர் எனக்குப் போன் போட்டு, இப்படி ஒரு பேச்சு ஓடுகிறதே மாமா என்றான்.

மோட்டார் சைக்கிளை எடுத்தேன். வழியெல்லாம் ரத்தம் காதில் இடித்தது. அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது... உண்மை என்பதால்தான் கொலை வெறி வந்தது.

பெண்ணை அடிக்கமாட்டேன். அது என் கௌரவம்! ஆகவே படகுத்துறை டீக்கடையில் உட்கார்ந்திருந்த கருப்பையாவைச் சட்டையைப் பிடித்துத் தூக்கினேன்.

முதல் அடி வாயில். சூடான டீ அவன் தொடையில் கொட்டியது. அடுத்தது காதோரம். கீழே விழுந்தவனை எழுப்பி எழுப்பி அடித்தேன். என்னைவிடப் பாதி வயது. மடி இழுத்து இழுத்து முறுக்கேறிய கை. ஒரு தட்டுத் தட்டியிருந்தால் நான் எழுந்திருக்க முடியாது. தட்டவில்லை. வயதானவன் என்று பார்த்தானா, சகுபர் வேலையை விட்டு நிறுத்திவிடுவான் என்று பார்த்தானா, எனக்குத் தெரியாது. இரண்டு கையையும் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு வாங்கினான்.

“ஏலே, உம் பொண்டாட்டி சொன்னது பொய்யி. சொல்லு.”

உதட்டுக் கிழிசலைத் துடைத்துக்கொண்டு, “அவ சொன்னது பொய்யி மாமா. விடுங்க” என்றான்.

“எல்லாருக்கும் கேக்கச் சொல்லு.”

சொன்னான். எல்லாருக்கும் கேட்கச் சொன்னான். பாசிக் கூடையோடு ராக்கம்மாள் சாலைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதையும் யாரோ எடுத்துப் போட்டார்கள். என் சேனலில் அதுவரை எந்த வீடியோவுக்கும் கிடைக்காத கூட்டம் அதற்குக் கிடைத்தது. காசுக்கு விலைபோகாத மனுசன், பழி சொன்னால் இப்படித்தான் கோபம் வரும் என்று எழுதினார்கள். எனக்குள் ஒரு குரல்கூட எதிர்த்துப் பேசவில்லை. படித்துப் படித்துப் பூரித்தேன். நான் நேர்மையானவன் என்று நானே நம்பத் தொடங்கினேன்! இதை நீங்கள் புரிந்துகொள்வீர்களா? பொய்யை அடித்து நிலைநாட்டியபின் அது எனக்கே உண்மையாகிவிட்டது.

தடைக்காலம் முடிந்தது. படகுகள் போயின. வெயிலில் தளத்தில் கிடந்து வெந்த கயிறுகளோடு போயின.

முதல் சில நடைகளில் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு நாள் சகுபர் படகின் மடி கடலடிப் பாறையில் மாட்டிக்கொண்டது. வின்ச் போட்டு இழுத்தார்கள். இழுபடும் கயிற்றுக்கு நேரே நிற்கக்கூடாது என்று எவனுக்கும் தெரியும். ஆனால் மாட்டிய மடியை அசைத்து விடுவிக்க ஒருவன் அங்கே குனிந்துதான் ஆகவேண்டும். குனிந்தவன் கருப்பையா.

கயிறு அறுந்து திரும்பிய வேகத்தை எவரும் பார்க்கவில்லையாம். சத்தத்தை மட்டும் கேட்டிருக்கிறார்கள். தாடை உடைந்து தொங்கிற்று. கன்னம் பிளந்து பல்வரிசை தெரிந்தது. ஒரு கண் இருந்த இடத்தில் கண் இல்லை. மீன் வைக்கிற ஐஸின் மேல் அவனைக் கிடத்திக் கரைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். ஐஸ் முழுக்கச் சிவந்துபோயிருந்தது என்றார்கள்.

சகுபர் நேரே என் வீட்டுக்கு வந்தான். கைலியும் சட்டையும் ரத்தம். வாசலிலேயே நின்றான்.

“அல்லாவுக்குப் பொதுவா ஒண்ணு மட்டும் சொல்லுங்க மாமா. அந்தக் கயிறு ஊறுச்சா, ஊறலையா?”

அவன் சட்டையிலிருந்து சிவந்த ஐஸ் தண்ணீர் என் படிக்கட்டில் சொட்டியது.

“ஊறுச்சு” என்றேன்.

தலையாட்டிக்கொண்டு போய்விட்டான். அந்த ஒரு சொல்லில் கருப்பையா குற்றவாளி ஆனான். கயிற்றில் பழுதில்லை என்றால் பழுது அவனிடம்தானே? குடித்திருந்தான் என்று ஒருவன் ஆரம்பித்தான். பொண்டாட்டியோடு சண்டை, கவனம் அங்கே இல்லை என்றான் இன்னொருவன். கவனமில்லாதவனுக்காக எத்தனை நாள் செலவு செய்வது என்று சகுபர் மதுரை ஆஸ்பத்திரிச் செலவிலிருந்து கையை எடுத்தான். கண் போனவனுக்குப் பெயரும் போயிற்று. அவன் பிழைத்து வந்தாலும் இனி எந்தப் படகிலும் ஏற்றமாட்டார்கள் என்றாயிற்று.

நான் அத்தோடாவது நின்றிருக்கலாம்.

கம்பெனிக்காரன் கேட்டான் என்று இன்னொரு வீடியோ எடுத்தேன். சாக்கில் வைக்கோல் அடைத்து, கைலி கட்டி, தலைக்கு ஒரு பானை வைத்தேன். கயிற்றுக்கு நேரே எப்படி நிற்கக்கூடாது என்று பாடம் எடுத்தேன். “இவன்தான் முட்டாள்!” என்று அந்தச் சாக்கைக் காட்டினேன். வேண்டுமென்றே பாதி அறுத்து வைத்த பழைய கயிறு ஒன்றை இழுத்துவிட்டேன். பானை சிதறியது. சிதறிய ஓட்டைக் கையில் எடுத்துக் கேமராவுக்கு முன்னால் நீட்டிச் சிரித்தேன்.

கீழே எத்தனை சிரிப்புப் படங்கள் போட்டிருந்தார்கள் தெரியுமா உங்களுக்கு... நீங்களும் ஒன்று போட்டிருக்கலாம். உங்களைக் குறை சொல்லமாட்டேன். நான்தான் சிரிக்க வைத்தேன்.

இப்போது சொல்லப்போவதை இதுவரை எவரிடமும் சொன்னதில்லை.

மழைக்கு முந்திய ஒரு நாள் பிற்பகல், கொட்டகையில் தனியாக இருந்தேன். ராக்கம்மாள் வந்தாள். தோளில் ஈரக் கயிறு. பச்சையில் மஞ்சள் புரி. தான் பாசி எடுக்கிற பாறையில் அவளே அதைக் கட்டி வைத்திருக்கிறாள். நடுநடுவே எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாள். என் சட்டத்தை என் வீடியோவிலிருந்தே கற்றுக்கொண்டு ஒரு மாதம் ஊறப்போட்டிருக்கிறாள்.

ஒரு நுனியை வின்ச்சில் மாட்டினாள். மறுநுனியைக் கான்கிரீட் டயரில் கட்டினாள். அவள் கட்டிய கட்டில் தப்பில்லை. பிறகு ஒதுங்கிப் போகாமல், கயிற்றுக்கு நேரே, அறுந்தால் நுனி திரும்புகிற இடத்தில் வந்து நின்றாள்.

“ஓட்டுங்க மாமா.”

தள்ளிப் போகச் சொன்னேன்.

“ஊறுன கயிறுன்னுதான சொன்னீக. அறுகாதுன்னீக. எங்க வீட்டுக்காரரு முட்டாள்னீக. நானும் அங்கனதான் நிக்கிறேன். ஓட்டுங்க.”

வெளியே போகச் சொல்லிக் கத்தினேன். அவள் அசையவில்லை. கெஞ்சியிருந்தாலும் அழுதிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றாள். என் கொட்டகையில்! என் வின்ச்சுக்கு முன்னால்! பாசி பொறுக்குகிறவள் எனக்குப் பரீட்சை வைக்கிறாள் என்ற எண்ணம் வந்தது. தலைக்குள் ஏதோ வெடித்தது.

ஓட்டினேன்.

ஆமாம்... ஓட்டினேன். அறுந்துவிடும் என்று தெரிந்தே ஓட்டினேன். லீவரில் இருந்தது வேறு எவன் கையுமில்லை, என் கை. கயிறு விறைத்தது. புரிகள் நறநறத்தன. தண்ணீர் பிழிந்து சொட்டியது. கையை எடுக்க நேரம் இருந்தது. உங்களிடம் பொய் சொல்லமாட்டேன், தாராளமாக நேரம் இருந்தது. எடுக்கவில்லை. அவள் ஒதுங்குவாள் என்று காத்திருந்தேனா? இல்லை, அவள் முகம் சிதறட்டும் என்று காத்திருந்தேனா? இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரிந்துவிடுமோ என்று பயந்து, பாதியிலேயே கேட்பதை நிறுத்திவிடுகிறேன்.

அறுந்தது. நுனி அவள் காதை உரசிக்கொண்டு போய்ப் பின்னாலிருந்த ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைப் பிளந்தது. தகடு தரையில் விழுந்து நொறுங்கியது.

அவள் நின்ற இடத்தில் நின்றாள். காதைத் தொட்டு விரலைப் பார்த்தாள். ரத்தம் கழுத்தில் இறங்கிற்று.

“இத வீடியோ எடுக்கலையா மாமா?” என்றாள்.

அறுந்த கயிற்றை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து போனாள்.

நான் அந்தத் தூளின் நடுவே உட்கார்ந்துவிட்டேன். என் கையையே பார்த்தேன். எத்தனையோ பொருளை உடைத்த கை. அவ்வளவு நாளும் நான் எடுத்த ரிவியூக்களில் நேர்மையானது இதுதான். கேமரா இல்லாமல் எடுத்தது... ஒரு பெண்ணின் தலையை வைத்து எடுத்தது.

மறுநாள் கேமராவின் முன் உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். கம்பெனி, காசு, பலகை, பாசி, சேறு, டீக்கடை, சாக்கு... எல்லாம் சொன்னேன். ராக்கம்மாளை வைத்து வின்ச் ஓட்டியதை மட்டும் சொல்லவில்லை. அந்த அளவுக்கு எனக்குத் துணிச்சல் இல்லை. சம்மட்டி மாமாவின் துணிச்சல் அவ்வளவுதான்! இருந்தாலும் பொழுது சாய்வதற்குள் எல்லாப் படகிலிருந்தும் கயிறு இறங்கிவிடும், கருப்பையாவின் பெயர் மீண்டுவிடும் என்று நினைத்தேன். என் வாய்ச் சொல்லுக்கு ஏறிய கயிறு என் வாய்ச் சொல்லுக்கு இறங்காதா?

இறங்கவில்லை.

எந்தக் கம்பெனிக்கு மாறிவிட்டீர்கள் மாமா என்று வீடியோவுக்குக் கீழே கேட்டிருந்தார்கள். கூடுதல் காசு கேட்டார், மறுத்தோம், ஆகவே பழி சொல்கிறார் என்று கயிற்றுக் கம்பெனி அறிக்கை விட்டது. அந்த வீடியோவில் நான் கண் சிமிட்டுகிற இடங்களை நிறுத்தி நிறுத்திக் காட்டி, இந்த இடத்தில் பொய் சொல்கிறார் பாருங்கள் என்று ஒருவன் தனியாக வீடியோ போட்டான். எதிர்க் கம்பெனியிலிருந்து எவனோ கூப்பிட்டு, அருமையாகச் செய்துவிட்டீர்கள் ஐயா, எங்கள் கயிற்றுக்கும் நாலு வார்த்தை சொன்னால் கவனித்துக்கொள்கிறோம் என்றான். போனைக் கல்லில் வைத்துச் சம்மட்டியால் அடித்தேன். கண்ணாடித் தூள் தெறித்து நெற்றியில் குத்தியது.

படகுத்துறைக்குப் போய்ச் சகுபரின் கையைப் பிடித்தேன். கயிற்றை மாற்று என்றேன். கையை உருவிக்கொண்டான்.

“அப்பக் காசு வாங்கிட்டுப் பேசுனீக. இப்ப யார்ட்ட வாங்குனீகளோ, நமக்கென்ன தெரியும். எது பொய்யின்னு நாங்க எப்புடிக் கண்டுபிடிக்கிறது, நீங்களே சொல்லுங்க மாமா.”

உங்களையே கேட்கிறேன், என்ன சொல்லியிருக்க வேண்டும்? அடித்து நிரூபிப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வழி. இப்போது எதை அடிப்பது?

வீட்டுக்குப் போய் அரிவாளை எடுத்து வந்தேன்.

உச்சி வெயில். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மறுநாள் கடலுக்குப் போகிற நாள் என்பதால் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. முதல் படகில் ஏறினேன். வின்ச்சில் சுற்றியிருந்த பச்சைக் கயிற்றை வெட்டினேன். அடுத்த படகுக்குத் தாவினேன். வெட்டினேன். சில சுருள்களில் என் முகம் போட்ட அட்டை இன்னும் தொங்கியது. அதையும் சேர்த்து வெட்டினேன். மூச்சு இரைத்தது. உள்ளங்கை கிழிந்தது. மரத்தில் பட்டு அரிவாள் எகிறி முழங்காலில் இறங்கியது. நிறுத்தவில்லை. அழுதுகொண்டு வெட்டினேனா, சிரித்துக்கொண்டு வெட்டினேனா, நினைவில்லை. அந்த நேரத்தில் நான் நல்லவனாகிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் நினைத்தேன்!

பிறகு அவர்கள் வந்தார்கள்.

குறை சொல்லமாட்டேன். தன் பிழைப்பை ஒருவன் வெட்டிக்கொண்டிருந்தால் நானும் அப்படித்தான் செய்திருப்பேன். மீன் பெட்டியால் முதுகில் விழுந்தது முதல் அடி. அரிவாள் தண்ணீரில் போயிற்று. மூங்கில் கழியால் விலாவில் குத்தினார்கள். தளத்தில் கிடந்தவனின் வாயில் ஒரு கால் வந்து இறங்கியது. அது சகுபரின் கால். அண்ணாந்து பார்த்தேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது, கால் மட்டும் நிற்கவில்லை. ஒரு பல் தொண்டைக்குள் போய்விட்டது. போன்கள் என்னைச் சுற்றிலும் உயர்ந்திருந்தன.

விலா எலும்பு உடைந்து, ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் கிடக்கிறேன். பேசினால் விலா குத்துகிறது. பேசினால் எவரும் நம்பப்போவதுமில்லை. அதனால்தான் எழுதுகிறேன். இதற்கு எவனிடம் வாங்கினாய் என்று நீங்களும் கேட்கலாம். கேளுங்கள். கேட்கிற உரிமையை உங்களுக்கு நான்தான் சம்பாதித்துக் கொடுத்தேன்.

இன்று காலை ராக்கம்மாளைப் பார்த்தேன். மதுரையிலிருந்து திரும்பிவிட்ட கருப்பையாவுக்குக் கட்டு மாற்ற இங்கேதான் அழைத்துவருகிறாளாம். அவன் வெளியே வேப்பமரத்தடியில், துண்டால் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தான். அவள் மருந்துச் சீட்டோடு வார்டு வழியாகப் போனவள் என் கட்டிலருகே நின்றாள். அவள் காதில் காய்ந்த காயம் தெரிந்தது.

என்ன எதிர்பார்த்தேன்? கயிற்றை வெட்டியதற்கு ஒரு நல்ல வார்த்தையா? இந்த வயதிலும் எனக்கு எவ்வளவு ஆசை!

“நீங்க வெட்டிப் போட்டுட்டு வந்துட்டீக” என்றாள். “புதுசு வாங்க ஆருட்ட இருக்கு? படகுக்காரவுக, நீங்க வெட்டுன எடத்துல எல்லாம் முடிச்சப் போட்டுக்கிட்டுக் கடலுக்குப் போயிட்டாக.”

அவ்வளவுதான். சீட்டை மடித்துக்கொண்டு மருந்து வாங்கப் போய்விட்டாள்.

முடிச்சு!

வின்ச் ஓட்டியவன் நான். முடிச்சு விழுந்த கயிற்றில் பாதி பலம்கூட நிற்காது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எனக்குத் தெரியும். வின்ச் உருளையில் அந்த முடிச்சு ஏறி இறங்கும்போதெல்லாம் அது தேயும். முன்பாவது எங்கே அறும் என்று தெரியாத கயிறு. இப்போது எங்கே அறும் என்று நானே அரிவாளால் குறித்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு படகில் இல்லை... நான் தாவிய ஒவ்வொரு படகிலும்.

நர்ஸிடம் போன் கேட்டு வாங்கிச் சகுபரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கடலுக்குள் சிக்னல் கிடைக்காது. கிடைத்திருந்தாலும், என் குரல் என்று தெரிந்ததும் வைத்திருப்பான்.

என் கட்டில் அவசரப் பிரிவின் வாசலுக்கு நேரே இருக்கிறது. மண்டபத்திலிருந்து வருகிற ஆம்புலன்ஸ்கள் இங்கேதான் நிற்கும். ஒவ்வொரு முறை வண்டிச் சத்தம் கேட்கும்போதும், விலாவைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறேன். படுக்கையில் வருகிறவனின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. தூக்கிவருகிறவர்களின் கால்களைத்தான் பார்க்கிறேன்... நனைந்திருக்கின்றனவா, காய்ந்திருக்கின்றனவா என்று.